தரையில் 705 சதுர அடி, பில்லில் 1,080

புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடி வீட்டை வாங்குகிறவர் இரண்டு விலைகளுக்குக் கையெழுத்துப் போடுகிறார். முதல் விலை ஒப்பந்தத்தில் இருக்கும். நாலு இடத்தில் விசாரித்து, பேரம் பேசி, வங்கியில் காட்டி, வீட்டிலிருக்கும் நகையையும் மனதுக்குள் எடைபோட்ட பிறகுதான் அதற்குச் சம்மதிப்பார். இரண்டாவது விலை 'எக்ஸ்ட்ரா ஒர்க்' என்ற பெயரில், சுவர் எழும்பிய பிறகு, துண்டு துண்டாக வரும். அதைப் பேரம் பேசும் நிலையில் அப்போது அவர் இருக்கமாட்டார். பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்கெனவே பில்டரிடம் போயிருக்கும், எழுந்து வேறு கட்டடத்துக்குப் போய்விட முடியாது. நான் நடத்திய வழக்கொன்று முழுக்க முழுக்க இந்த இரண்டாவது விலையைப் பற்றியது. தொகை பெரிதல்ல, சட்டப் புத்தகம் எதிலும் அந்தத் தீர்ப்பு ஏறவும் இல்லை. ஆனாலும் வீடு வாங்கப் போகிற யார் என் அலுவலகத்துக்கு வந்தாலும் அந்தக் கட்டைத்தான் முதலில் எடுத்துப் போடுகிறேன்.

கணவர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியர். மனைவி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவர். 2014இல், மேடவாக்கத்தைத் தாண்டி 48 வீடுகளாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடியில் இரண்டாம் தளத்தில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். 1,080 சதுர அடி, சதுர அடி 4,200 ரூபாய், ஆக 45,36,000. அந்த நாளைய வழக்கப்படி ஆவணம் இரண்டு. ஒன்று, மனையில் பிரிபடாத பாகத்துக்கான கிரயப் பத்திரம். மற்றது, அந்தப் பாகத்தின் மேல் வீட்டைக் கட்டித் தருவதற்கான கட்டுமான ஒப்பந்தம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம் முதல் பத்திரத்துக்குத்தான். இரண்டாவதற்கு அதைவிட மிகக் குறைவு. செலவு குறைகிறதே என்று வாங்குகிறவருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பக்க விளைவு உண்டு. வில்லங்கம் பார்ப்பது, தாய்ப்பத்திரம் தேடுவது, வக்கீல் கருத்து வாங்குவது எல்லாம் கிரயப் பத்திரத்தைச் சுற்றியே நடக்கும். வீட்டுக்குள் என்ன தரை, என்ன கதவு, என்ன குழாய் என்பது கட்டுமான ஒப்பந்தத்தின் கடைசியில் ஓர் இணைப்பாக இருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை.

இவர்களும் வாசிக்கவில்லை. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. தரைத்தளத்தில் ஒரு மாதிரி வீட்டை அலங்கரித்து வைத்திருந்தார்கள். பளிங்கு போன்ற தரை, தேக்கில் கடைந்த வாசற்கதவு, குளியலறையில் பெயர்பெற்ற கம்பெனியின் குழாய்கள், சமையலறையில் கறுப்பு கிரானைட் மேடை. பார்த்தவர் மனதில் அதுதான் பதியும். இணைப்பில் அச்சடித்திருக்கிற 'ஃப்ளஷ் டோர்' பதியாது. இணைப்பு சொன்ன வீடு வேறு, மாதிரி வீடு வேறு என்று அவர்களுக்குத் தெரிந்தது 2015 நடுவில், பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தபோது. தளப் பொறியாளர் கூப்பிட்டு, "சார், மாடல் ஃப்ளாட்ல பார்த்தது எல்லாம் அப்கிரேடு. ஸ்டாண்டர்டு இது" என்று ஒரு டைல்ஸைக் காட்டியிருக்கிறார். வெளிறிப்போன, விளிம்பு உடைந்த ஒரு துண்டு. வேண்டுமென்றே அந்தத் துண்டைக் காட்டினார் என்று நான் வாதிடவில்லை. அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு மேம்பட்டதை வேண்டாம் என்று சொல்லும் மனம் யாருக்கு வரும்?

அன்று ஆசிரியர் கையெழுத்திட்ட தாள் பின்னாளில் வழக்கின் முக்கிய ஆவணம் ஆனது. கார்பன் வைத்து எழுதிய மஞ்சள் நகல். இடப்பக்கம் பொருளின் பெயர். வலப்பக்கம் விலை எழுத வேண்டிய கட்டம். சமையலறை மேடைக்கும் குளியலறைப் பொருள்களுக்கும் மட்டும் எதிரே தொகை இருந்தது. டைல்ஸுக்கு எதிரே 'ரூ.95' என்று மட்டும். எதற்கு 95, எத்தனைக்கு 95 என்று இல்லை. கதவுக்கு எதிரே 'பின்னர்'. மின்சாரப் பாயிண்ட்டுகளுக்கு எதிரே 'வரைபடப்படி'. இப்படி ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறவர் பின்னால் தனக்கு வசதியான எண்ணை நிரப்பிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்.

அந்த ஆண்டு டிசம்பர் மாதம் சென்னைக்கு என்ன நேர்ந்தது என்று சொல்லத் தேவையில்லை. அடையாற்றங்கரையில், சைதாப்பேட்டையில் தரைத்தள வாடகை வீடு இவர்களுடையது. ஆற்றுத் தண்ணீர் உள்ளே புகுந்து கட்டில், பீரோ, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிற்று. உறவினர் வீட்டில் ஒற்றை அறையில் நால்வர். வீட்டுக் கடனுக்கு மாதத் தவணை ஓடத் தொடங்கியிருந்தது. தை மாதம் கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தார்கள். சாவி கேட்டுப் போனபோதுதான் இறுதிக் கணக்கு கையில் வந்தது: 4,06,000 ரூபாய். டைல்ஸ் 1,02,600, சமையலறை 38,000, வாசற்கதவு 45,000, குளியலறைப் பொருள்கள் 52,400, கூடுதல் பாயிண்ட்டுகள் 33,000, 'மின் இணைப்பு, வைப்புத்தொகை, வளர்ச்சிக் கட்டணம்' என்று ஒரே வரியில் 1,35,000. முழுவதும் கட்டினால் சாவி.

இந்தத் தொகைக்கு வங்கியிலும் வழியில்லை. வங்கி ஒப்பந்த மதிப்பில் 80 சதவீதம் கடன் தந்திருந்தது. ஒப்பந்தத்துக்கு வெளியே முளைக்கும் எதுவும் அதன் கணக்கில் வராது. வீட்டின் விலை ஐம்பதாயிரம் கூடியிருந்தால் இருபது ஆண்டுத் தவணையில் அது கரைந்திருக்கும். அதே ஐம்பதாயிரம் எக்ஸ்ட்ரா ஒர்க்காக வந்தால் நாளைக் காலைக்குள் ரொக்கமாக வேண்டும். மேம்பாட்டுச் செலவின் உண்மையான பாரம் அதன் அளவில் மட்டும் இல்லை, அது வந்து நிற்கும் வேளையிலும் இருக்கிறது. தாலிக்கொடி தவிர இருந்ததையெல்லாம் அடகு வைத்தார்கள்.

காசோலையைக் கொடுக்கும்போது அந்த அம்மா ஒரு காரியம் செய்தார். இணைத்துக் கொடுத்த கடிதத்தின் அடியில், தன் கையால், 'கணக்குச் சரிபார்ப்புக்கு உட்பட்டுச் செலுத்தப்படுகிறது' என்று எழுதி, நகலில் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொண்டார். சட்டம் தெரிந்து செய்ததில்லை. சங்கத்தில் எந்தப் பற்றுச்சீட்டு வந்தாலும் அப்படி எழுதி வாங்குவது அவர் வழக்கம். முத்திரை குத்திய பையன் அதைப் படிக்கவே இல்லை. என் கட்சிக்காரர்கள் இந்த வழக்கில் பெற்றதில் பாதிக்குமேல் அந்த ஒரு வரியால் வந்தது.

வீடு கட்டித் தருவதும் ஒரு சேவைதான், அதில் குறை இருந்தால் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்பது லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993இல் உறுதிசெய்த விஷயம். 2016 நடுவில் செங்கல்பட்டில் இருந்த மாவட்ட மன்றத்தில் புகாரைத் தாக்கல் செய்தோம். மாவட்ட மன்றத்தின் வரம்பு அப்போது 20 லட்சம். நாங்கள் கேட்டதோ திருப்பித் தர வேண்டிய தொகையும் கொஞ்சம் இழப்பீடும், ஐந்து லட்சத்துக்குள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் தேசிய ஆணையத்தின் பெரிய அமர்வு ஒன்று வேறுவிதமாகச் சொல்லிவிட்டது: குறை எவ்வளவு சிறிதானாலும், வழக்கின் மதிப்பு வாங்கிய வீட்டின் முழு விலையையும் கேட்கும் இழப்பீட்டையும் சேர்த்துத்தான். நாற்பத்தைந்து லட்ச ரூபாய் வீட்டில் டைல்ஸ் கணக்குத் தகராறு என்றால் அது நாற்பத்தைந்து லட்ச ரூபாய் வழக்கு. புகார் திரும்பி வந்தது. சென்னையில் மாநில ஆணையத்தில் மறுபடி தொடங்கினோம். இரண்டு ஆண்டுக் காலவரம்புக்குள் இருந்ததால் உரிமை போகவில்லை, மாதங்கள் போயின. சட்டம் பின்னால் மாறியது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செலுத்திய விலைதான் அளவுகோல், மாவட்ட ஆணையத்தின் வரம்பு இப்போது 50 லட்சம். இன்று இதே வழக்கு நேரே செங்கல்பட்டிலேயே நடக்கும்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னைவிட மூத்தவர், திறமையானவர், நியாயமாக வாதாடுகிறவர். அவர் வைத்த வாதம் மூன்று. மேம்பாடுகள் புகார்தாரர் கையெழுத்துப் போட்டுக் கேட்டவை. வேலையைச் செய்துகொடுத்தாயிற்று, அவர் அனுபவிக்கிறார். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்ததன் பலனை மற்றவர் அனுபவித்தால் ஈடு தரவேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவே சொல்கிறது. மூன்றாவது, பணத்தைக் கட்டி, சாவி வாங்கி, பால் காய்ச்சிக் குடியேறி ஐந்து மாதம் கழித்து வந்து கட்டாயத்தின் பேரில் கட்டினேன் என்றால் எப்படி? கிரகப்பிரவேசத்தில் பில்டரின் மேலாளர் மாலையோடு நிற்கும் புகைப்படத்தைக்கூட ஆவணமாகக் குறியிட்டிருந்தார்கள்.

மூன்றாவது வாதத்துக்குப் பதில் அதே சட்டத்தின் 72ஆம் பிரிவில் இருந்தது: தவறுதலாகவோ கட்டாயத்தின் பேரிலோ வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டும். இங்கே கட்டாயம் என்பது கழுத்தில் கத்தி வைப்பது மட்டுமல்ல, சாதாரணமாக மனிதர்கள் கட்டாயம் என்று எதைச் சொல்கிறார்களோ அது என்று பிரிவி கவுன்சில் 1913லேயே விளக்கியிருக்கிறது. வெள்ளத்தில் வீட்டை இழந்த குடும்பம். விலையைக் கட்டி முடித்த வீட்டின் சாவி எதிராளியின் மேசையில். அந்த நிலையில் எழுதிய காசோலை எவ்வளவு சுயவிருப்பம்? வெறும் வாயால் இதைச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்காது. 'சரிபார்ப்புக்கு உட்பட்டு' என்ற வரியும் முத்திரையும் இருந்ததால் ஆணையம் நிமிர்ந்து கேட்டது.

ஆனால் வழக்கின் உயிர் இந்தச் சட்டப் பிரிவுகளில் இல்லை. அந்த அம்மா முதல் நாளே என் அலுவலகத்தில் அதைச் சொல்லிவிட்டார். "சார், ஆயிரம் ரூபா புடவையைத் திருப்பிக் குடுத்துட்டு ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்தா, ஆயிரத்து ஐந்நூறுதானே கட்டுவோம்? இவங்க ஆயிரத்தையும் வச்சுக்கிட்டு ரெண்டாயிரத்து ஐந்நூறையும் வாங்கிட்டாங்க." ஒப்பந்தத்தின் இணைப்பை எடுத்துப் பார்த்தேன். அதில் தெளிவாக இருந்தது: தரைக்கு, சதுர அடி 45 ரூபாய் அடிப்படை விலையில் விட்ரிஃபைட் டைல்ஸ். அந்த 45 ரூபாய் 45,36,000க்குள்ளேயே அடக்கம். 95 ரூபாய் டைல்ஸ் கேட்டவரிடம் வாங்க வேண்டியது வித்தியாசம், அதாவது 50. வாங்கியது 95. கையெழுத்து இருக்கிறது என்று அவர்கள் காட்டிய தாளில் 95 என்ற எண் இருந்தது உண்மைதான். ஆனால் அது டைல்ஸின் விலையா, கூடுதலாகக் கட்ட வேண்டிய விலையா என்று அந்தத் தாள் சொல்லவில்லை. இரண்டு பொருள் தரும் ஆவணத்தை அதை எழுதியவருக்கு எதிராகவே வாசிக்க வேண்டும் என்பது பழைய நெறி. 70ஆம் பிரிவும் இங்கே எங்களுக்குத்தான் துணை. ஈடு தரவேண்டியது பெற்ற பலனுக்கு. பெற்ற பலன் வித்தியாசம் மட்டுமே.

நுகர்வோர் ஆணையத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வது அபூர்வம். பெரும்பாலும் கேள்விகளை எழுதிக் கொடுப்போம், எதிர்த்தரப்பு சத்தியப் பிரமாணத்தோடு பதில் எழுதித் தரும். வாசற்கதவு பற்றி நான் கேட்டது இரண்டே கேள்வி. ஒப்பந்தப்படி இந்த வீட்டுக்கு வாங்கப்பட்ட ஃப்ளஷ் கதவு இப்போது எங்கே இருக்கிறது? வாங்கப்படவில்லை என்றால் அதற்கான விலை புகார்தாரருக்கு எந்தத் தேதியில் கழித்துக் கொடுக்கப்பட்டது? பதில்: "மேற்படி கதவு வாங்கப்படவில்லை." இரண்டாம் கேள்விக்கு: "கேள்வி எழவில்லை." இந்தப் பதிலை வாசித்தபோது ஆணையத் தலைவர் அதை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். வாங்காத ஒரு கதவுக்கு என் கட்சிக்காரர் ஒப்பந்த விலைக்குள் பணம் கட்டியிருந்தார். அதன் மேல் 45,000 ரூபாய்க்குத் தேக்குக் கதவு.

அடுத்தது அளவு. டைல்ஸ் கணக்கில் 95ஐ 1,080ஆல் பெருக்கியிருந்தார்கள். 1,080 என்பது விற்பனைப் பரப்பு. சுவரின் கனம், படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை ஆகியவற்றில் இந்த வீட்டின் பங்கு எல்லாம் அதில் சேரும். படிக்கட்டில் இவர்களுடைய டைல்ஸ் ஒன்றுகூட இல்லை. ஆணையம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமித்து, உதவிக்கு ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர் ஒருவரையும் அனுப்பியது. ஒரு சனிக்கிழமை காலையில் இரு தரப்பும் கூடினோம். ஆசிரியரும் மூத்த பையனும் கட்டிலையும் பீரோவையும் ஏற்கெனவே நகர்த்தி வைத்திருந்தார்கள். பொறியாளர் அவசரப்படவே இல்லை. அறை அறையாக மண்டியிட்டு டேப்பை விரித்தார். குளியலறையிலும் பால்கனியிலும் போட்டிருந்தது வேறு வகை டைல்ஸ் என்பதால் அவற்றை ஒதுக்கினார். சுவரோரம் வைத்த ஸ்கர்ட்டிங்கைத் தனியாக அளந்து சேர்த்தார். மொத்தம் 705 சதுர அடி. வெட்டுவதிலும் உடைவதிலும் போவதற்கு 5 சதவீதம் கூட்டினால் 740. எனவே நியாயமான கூடுதல் தொகை 740ஐ 50ஆல் பெருக்கினால் வரும் 37,000. வாங்கியது 1,02,600. பில்டரின் பொறியாளர் அளவுத் தாளில் மறுப்பேதும் எழுதாமல் கையெழுத்திட்டார்.

மின்சாரப் பாயிண்ட்டுகளில் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. முப்பது பாயிண்ட், பாயிண்ட்டுக்கு 1,100. ஒப்பந்த இணைப்பில் 'போதுமான மின் பாயிண்ட்டுகள்' என்றிருந்தது. மூன்று பேர் படுக்கும் அறையில் ஏசிக்கு ஒரு பாயிண்ட்கூட இல்லாததை எப்படிப் போதுமானது என்பது என்று கேட்டேன். ஆனால் ஆசிரியர் தன் கையால், சிவப்புப் பேனாவால், வரைபடத்தில் முப்பது இடங்களில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார். இணைப்பில் எத்தனை என்று எண் இல்லாதபோது முப்பதில் எது ஏற்கெனவே உரியது, எது கூடுதல் என்று பிரிக்க ஆணையத்திடம் அளவுகோல் இல்லை. 'போதுமான', 'தரமான', 'பெயர்பெற்ற நிறுவனத்தின்', 'அல்லது அதற்கு இணையான' என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் வாங்குகிறவருக்குச் சாதகமாகத் தோன்றும். வழக்கென்று வந்தால் அவை வெறுங்கை. 45 ரூபாய் என்று ஒரு சின்ன எண் இருந்த இடத்தில் ஜெயித்தோம். எண் இல்லாத இடத்தில் தோற்றோம். சமையலறை மேடையும் அப்படித்தான். அதற்கு எதிரே தொகை எழுதியிருந்தது, கையெழுத்தும் கீழே இருந்தது.

1,35,000 என்று ஒரே வரியில் போட்ட கட்டணம்தான் உண்மையில் அதிகம் கவனிக்க வேண்டியது, ஏனென்றால் அது மேம்பாடே இல்லை. விளக்கு எரியாமல், தண்ணீர் வராமல் ஒரு வீடு வீடாகாது. இதை வாங்கலாமா வேண்டாமா என்ற தேர்வு யாருக்கும் இல்லை. ஒப்பந்தத்தில் 'அரசுத் துறைகளுக்குச் செலுத்த வேண்டிய தொகைகள் வாங்குபவரைச் சேரும்' என்று ஒரு வரி இருந்தது. செலுத்த வேண்டியது என்றால் செலுத்தியதற்குச் சீட்டு இருக்க வேண்டுமல்லவா? ரசீதுகளைத் தாக்கல் செய்ய உத்தரவிடக் கேட்டு மனு போட்டோம். வந்த ரசீதுகளைக் கூட்டி 48 வீடுகளுக்கு வகுத்தால் வீட்டுக்கு 52,000. மீதி 83,000க்குக் காகிதம் இல்லை. அந்தக் கட்டடத்தில் இருந்த மற்றவர்களும் அதே தொகையைத்தான் கட்டியிருந்தார்கள். அவர்களில் வழக்குக்கு வந்தவர் யாருமில்லை. வரச் சொல்லி ஆசிரியர் வீடு வீடாகப் போய்க் கேட்டார். "விடுங்க சார், குடி வந்தாச்சு" என்பதுதான் கிடைத்த பதில்.

கார் நிறுத்துமிடத்துக்கு வாங்கிய தொகையையும் கேட்க வேண்டும் என்று ஆசிரியர் பிடிவாதமாக இருந்தார். தூண்களுக்கிடையே உள்ள நிறுத்துமிடத்தைத் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்ன தீர்ப்பை எங்கிருந்தோ எடுத்து வந்திருந்தார். அது மகாராஷ்டிரச் சட்டத்தின் வாசகங்களை வைத்துச் சொன்னது என்பது ஒருபுறம். அதைவிட முக்கியம், அந்தத் தொகை முதல் நாள் ஒப்பந்தத்திலேயே தனியாக, தெளிவாக எழுதப்பட்டிருந்தது. தாளில் உள்ளதற்குத்தான் கட்டுவோம், தாளில் இல்லாததற்குக் கட்டமாட்டோம் என்பது எங்கள் வழக்கு. தாளில் இருக்கிற ஒன்றையும் எதிர்த்துப் போனால் அந்த நிலை ஆட்டம் கண்டுவிடும். இதை அவருக்குப் புரியவைக்க இரண்டு மாலைகள் ஆயின. கடைசிவரை அவர் மனம் ஆறவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2019 ஏப்ரலில், வாதம் முடியும் தறுவாயில், பயனீர் அர்பன் லேண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பில்டர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வழியில்லாத நிலையில் வாங்கியவர் ஏற்ற ஒருதலையான ஷரத்து அவரைக் கட்டுப்படுத்தாது, அப்படி எழுதி வாங்குவதே நேர்மையற்ற வணிக முறை என்றது அந்தத் தீர்ப்பு. எங்கள் எழுத்து வாதத்தில் அதைச் சேர்த்தோம். ஆண்டு முடிவதற்குள் ஆணையம் உத்தரவிட்டது: டைல்ஸில் 65,600, கதவில் 9,000, குளியலறைப் பொருள்களில் ஒப்பந்தப்படி கொடுக்காமல் விட்டவற்றின் விலையாக 18,000, கட்டணத்தில் 83,000. மொத்தம் 1,75,600, அதற்கு 9 சதவீத வட்டி, 50,000 இழப்பீடு, 10,000 செலவுத்தொகை. நகை அடகுக்குக் கட்டிய வட்டியைத் தனியாகக் கேட்டிருந்தோம். அது தொலைவான விளைவு என்று மறுக்கப்பட்டது. அந்தக் குடும்பத்துக்கு அதைவிட அருகில் இருந்த இழப்பு எதுவும் இல்லை என்பதை எந்தப் பிரிவின் கீழும் என்னால் நிறுவ முடியவில்லை.

பில்டர் டெல்லியில் மேல்முறையீடு செய்தார். அந்நாளைய சட்டப்படி அதற்கு அவர் முன்கூட்டிக் கட்ட வேண்டியது உத்தரவான தொகையில் பாதி அல்லது 35,000, இதில் எது குறைவோ அது. என் கட்சிக்காரர் டெல்லியில் வழக்கறிஞர் வைத்து ஓரிரு ஆண்டு காத்திருப்பதற்கு ஆகும் செலவு அதைவிட அதிகம். எதிர்த்தரப்பு மூத்தவரே பேச்சைத் தொடங்கினார். அசல் 1,75,600 முழுவதும், வட்டிக்கும் இழப்பீட்டுக்கும் சேர்த்து 25,000. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. இரண்டின் கணக்கையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்த அம்மா அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மறுநாள் சம்மதம் சொல்லி அனுப்பினார். இப்போதைய சட்டத்தில் மாநில ஆணையத்தின் உத்தரவை எதிர்த்துப் போகிறவர் பாதித் தொகையைக் கட்டியே ஆகவேண்டும். அந்த விதி அன்று இருந்திருந்தால் பேச்சு வேறு எண்ணில் தொடங்கியிருக்கும்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2017 மே முதல், ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. எங்கள் கட்டடம் அதற்கு முன்பே முடிந்து சான்றிதழும் பெற்றுவிட்டதால் அதற்குள் வரவில்லை. அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது என்கிறது. 14ஆம் பிரிவு, ஒப்புக்கொண்ட பொருத்துகள், வசதிகள், விவரக்குறிப்புகள் எதையும் வாங்கியவரின் முன்சம்மதம் இல்லாமல் மாற்றக்கூடாது என்கிறது. 12ஆம் பிரிவின்படி, விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டியவர், அதில் பொய் இருந்து நஷ்டப்பட்டால், இழப்பீடு கேட்கலாம். விற்பனையும் உள்பரப்பை வைத்துத்தான். இவை பெரிய முன்னேற்றங்கள். இவற்றுக்காகப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர்களை நான் அறிவேன். ஆனால் வாங்குகிறவரே கேட்டுக்கொண்ட மாற்றம் என்று ஒரு தனித்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் 14ஆம் பிரிவு அங்கே ஒதுங்கி நிற்கும். பழைய மஞ்சள் நகல் இப்போது 'கூடுதல் வேலை ஒப்பந்தம்' என்ற பெயரில் அச்சாகி வருகிறது, அவ்வளவுதான்.

அதனால் வீடு வாங்க ஒப்பந்தத்தைக் கொண்டுவருகிறவர்களிடம், முன்பணம் கட்டும் முன்னரே மேம்பாட்டு விலைப்பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்கிறேன். பேரம் பேசும் பலம் அந்த ஒரு நாள்தான் அவர்களிடம் இருக்கிறது. அதை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே சேர்த்துவிட்டால் வங்கிக் கடனுக்குள்ளும் அது வந்துவிடும். பிறகு ஒரு ஷரத்து எழுதிக் கொடுக்கிறேன்: மேம்பாடு எதுவானாலும், இணைப்பில் உள்ள பொருளின் அடிப்படை விலையைக் கழித்து, உண்மையில் பதித்த அளவுக்கு மட்டும், எழுத்தில் ஒப்புக்கொண்ட தொகையே வாங்கப்படும், அதில் தகராறு இருந்தால் சாவியை நிறுத்தி வைக்கக்கூடாது.

சில பில்டர்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்கிறார்கள். ஏற்காத இடத்தில், கதவு, குழாய், விளக்குப் பொருத்து, சமையலறை அலமாரி எதையும் அவர்களிடம் மேம்படுத்தாதீர்கள். ஒப்பந்தப்படி உள்ளதை வாங்கிக் குடிபோய், கையில் பணம் சேர்ந்தபின் உங்கள் மேஸ்திரியையும் தச்சரையும் வைத்து மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். தரையையும் சுவருக்குள் ஓடும் மின்குழாய்களையும் மட்டும் அப்படித் தள்ளிப்போட முடியாது, குடிவந்த பிறகு அவற்றை உடைத்து மாற்றுவது இரட்டைச் செலவு. ஆகவே அந்த இரண்டுக்கும் எத்தனை சதுர அடி, எத்தனை பாயிண்ட் என்று எண்ணை எழுதி வாங்கும்வரை பேனாவை மூடியே வைத்திருக்கச் சொல்கிறேன்.